ஊருக்குள் போனால்தான் பதியும்

2014 மே 18, ஞாயிறு

மாதா கோயில் பூசையால் வந்து கொம்பியூட்டரைத் துடைத்தேன். காற்றுக் காலம் தொடங்கிவிட்டது, அப்பா கடலுக்குப் போவதில்லை. ஆலங்குடாவில் இந்த மாதங்களில் யன்னலைச் சாத்தி வைத்தாலும் கீபோட்டுக்குள் மணல் போய்விடும்.

தம்பி றொபியின் விளையாட்டைத் திறக்கவில்லை. காடு, மலை, ஊர் என்று ஒரு வீரன் நடந்து திரிந்து சண்டை பிடிக்கிற கதை விளையாட்டு. வீரனுக்கும் றொபி என்றே பெயர் வைத்திருக்கிறான். ஓர் ஊர் வாசலுக்குள் நுழையும் போதெல்லாம் அதுவரை விளையாடியது தானாகப் பதியும். மூன்று பதிவுதான் வைத்திருக்கும். நான்காவது வந்தால் ஆகப் பழையதை அழித்துவிடும். வேண்டுமென்றால் விளையாட்டிலுள்ள விடுதிக்குப் போய் நாமே தனியாகப் பதிந்துகொள்ளலாம். அவனுக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. ஆகவே அவன் விட்டுப்போனது மூன்றே மூன்று. நான் விளையாடினால் அதுவும் போய்விடும்.

2012 ஒக்டோபர் 16இல் அவுஸ்திரேலியாவுக்கென்று களவாகப் போட் ஏறினான். அந்தப் போட் போய்ச் சேர்ந்ததாகவும் செய்தி இல்லை, மூழ்கியதாகவும் இல்லை.

மே 21

கடையில் வேலை குறைவு. கல்பிட்டியில் நான் டைப் அடிக்கிற கொமினிகேஷன் கடை மர்ஸூக் நானாவுடையது. எப்படியோ றொபியின் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

“ஒரு மெஷின மட்டும் நம்பிக்கிட்டு ஈக்காத புள்ள. அந்த ஃபோல்டர அப்பிடியே பென் டிரைவ்ல கொப்பி எடு” என்றார்.

எனக்குத் தெரியாததா? ஊராரின் கலியாணப் படங்களையெல்லாம் நான்தான் இரண்டு இடத்தில் போட்டு வைக்கிறேன். ஆனால் இது - செத்தவர்களின் படத்தைத்தான் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கடைக்குக் கொண்டுவருவார்கள். கொப்பி எடுத்தால் நானும் அவர்களோடு வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும். அவன் வந்து அவனே விளையாடட்டும்.

ஜூன் 8, ஞாயிறு



பதிவுப் பட்டியலை மட்டும் பார்க்கலாம் என்று திறந்தேன். பார்ப்பதால் எதுவும் அழியாது. மூன்றில் இரண்டு அவன் விட்டுப்போனவை இல்லை. ஜூன் 3, காலை 11.20. ஜூன் 5, காலை 10.45. இந்த மாதம்! 2012 ஒக்டோபர் 16, பிற்பகல் 2.10 - அது ஒன்றுதான் மிச்சம்.

இரண்டு நாளும் நான் கடையில். வீட்டில் அப்பா மட்டும்தான், அவருக்குப் போனில் நம்பர் எடுக்கவே நான் வேண்டும். சின்னப் படத்தில் வீரன் ஓர் ஊர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

வந்தானா? வந்தவன் ஏன் என்னைப் பார்க்காமல் போனான்?

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து அவனுடைய சேட்டுகளில் எதுவும் குறைகிறதா என்று பார்த்தேன்.

ஜூன் 9

கொப்பி எடுத்துவிட்டேன். பென் டிரைவில் ஒன்று, கடை மெஷினில் ஒன்று, சீடியில் ஒன்று. மர்ஸூக் நானா பார்த்துக்கொண்டிருந்தார்.

“பகல்ல வீட்டுக்கு ஆரும் வந்தாங்களா அப்பா?”

“ஆர் வாறது” என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜூன் 10

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு இரண்டு தரம் எழும்பிப் போனேன். காற்று.

ஜூன் 12

பதினொரு மணிக்குக் கடையில் பிரிண்டர் பழுதாகிவிட்டது. மர்ஸூக் நானா வீட்டுக்குப் போகச் சொன்னார். முற்றத்துக்கு வரும்போதே அந்த மியூசிக் கேட்டது. ஒன்றரை வருசத்துக்கு மேலாக இந்த வீட்டில் கேட்காத மியூசிக். “றொபி” என்று கூப்பிட்டுவிட்டேன்.

திரும்பியது அப்பா.

சாரத்தோடு கதிரை நுனியில் இருந்தார். ஒரு விரல் அம்புக்குறிக் கட்டையில். திரையில் வீரன் புல்வெளியில் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தான்.

கத்தினேன். “என்ன செய்றீங்க! அழியுதப்பா! அவன்ட எல்லாம் அழியுது!”

“அழிக்கல்ல மகள். பதியத்தான் கொண்டு போறன்.”

பிறகு சொன்னார். கடலுக்குப் போக முடியாத நாட்களில் சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“அண்டைக்கு நீ கடையில. போட்டுக்கு ஆக்களச் சேர்க்கிறவன் மூண்டு மணி போல போன் அடிச்சுட்டான். இவன் இதுக்கு முன்னால இருக்கிறான். ‘அஞ்சு நிமிசம் அப்பா, ஊருக்குள்ள போனாத்தான் பதியும், இல்லாட்டி விளையாடின அவ்வளவும் வீண்’ எண்டான். நான் பிளக்கக் கழட்டிட்டன்.”



“அவன் போக மாட்டன் எண்டுதான் சொன்னவன், மகள். நான்தான் பேசிப் பேசி... என்ட வள்ளத்திலதான் ஏத்திக் கொண்டு போய்ப் பெரிய போட்டில விட்டனான்.”

பச்சைப் பொத்தானை அமத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் என்று றொபிக்குப் பின்னால் நின்று பார்த்து வைத்திருந்தாராம். வீரனை ஊருக்குள் கொண்டு போயிருக்கிறார். பதிந்துவிட்டது என்று இங்கிலீசில் வந்த எழுத்து அவருக்கு விளங்கவில்லை. பதியவில்லை என்று நினைத்து ஒரு நாள் விட்டுத் திரும்பவும். ஒவ்வொரு தரமும் அவனுடையதில் ஒன்று அழிந்தது.

ஜூன் 13

சமைத்து வைத்தேன். அப்பா சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பொலிசுக்குப் போவோம் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! “அவன் வருவான்” என்று ஒவ்வொரு தரமும் தடுத்தது இதற்குத்தானா? அவன் ஆசைப்பட்டுப் போனான் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேனே. என்னையும் பொய்க்காரியாக்கிவிட்டார்.

2.10க்குப் பிறகு றொபி எங்கெங்கே போனான்? யாரோடு சண்டை பிடித்தான்? அந்த ஒரு மணித்தியாலம் எந்தக் கொப்பியிலும் இல்லை. பிளக் கழலும்போது ஊர் வாசலுக்கு எவ்வளவு கிட்ட வந்திருந்தான்? இதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். கண்ணை மூடினால் புல்வெளி.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் பிறகு நானே அப்பாவைக் கூப்பிட்டு அருகில் இருத்தினேன். 2.10 பதிவைத் திறந்தேன். அம்புக்குறிக் கட்டையை அவரிடம் விட்டேன். வீரன் இரண்டு தரம் மரத்தில் முட்டினான். பிறகு வாசலுக்குள் போனான்.

“பதிஞ்சுட்டு எண்டு வருது, அப்பா.”

“இனி அழியாதா?”

“அவன் வெச்சது மூண்டு இடத்தில இருக்கு. நாங்க என்ன செய்தாலும் அழியாது.”

அப்பா சாரத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் முதுகில் கை வைத்தேன். கோபம் போகவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை.

போகும்போது, “பொலிசில என்னப் பிடிச்சு வைப்பாங்களோ?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஜூலை 1

அப்பா வெள்ளைச் சேட் போட்டிருந்தார். பொலிசில் ஒரு மணித்தியாலம் மர வாங்கில் இருந்தோம். பெயர், வயது, உயரம் எல்லாம் நான்தான் சிங்களத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்த்தாமல், கடைசியாக அவனைக் கண்டது யார் என்று கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

“நான்” என்றார் அப்பா. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு, அன்று பின்னேரம் கடல் எப்படி இருந்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.