உன் மிக்ஸர் பாடுகிறது

டிஜே மேடம்,

தூங்கும் உன்னை எழுப்பிச் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தால் உளறிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் மிக்ஸர் கம்ப்யூட்டரின் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வேலை செய்கிறது! அந்த சிஸ்டத்தில் மட்டுமே ஓடும், நீ ஆசைப்பட்ட மென்பொருளை இனி தாராளமாகப் போடலாம்.

போன மாதம் நல்லது செய்வதாக நினைத்து, உன்னைக் கேட்காமல் உன் கம்ப்யூட்டரில் அப்டேட்டை அழுத்தினேன். அன்று நிகழ்ச்சியில் அரங்கு நிறைய ஆட்கள் காத்திருக்க, மிக்ஸர் ஊமையாக நின்றது. "உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா?" என்றாய். மறுநாளே பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிவிட்டாய். அதன்பின் நாம் சரியாகப் பேசவே இல்லை.

இந்த முறை புதிய சிஸ்டத்தில் எந்தெந்த மாடல் ஓடும் என்ற மிக்ஸர் கம்பெனியின் பட்டியலை முதலில் படித்தேன். நம் மாடல் இருக்கிறது. மிக்ஸரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் டிரைவர் மென்பொருளை மட்டும் புதிதாகப் போட வேண்டும். நேற்று மாலை நீ வெளியே போனதும் என் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, மிக்ஸரைச் செருகினேன். நீ பாட்டைச் சுழற்றும் இரண்டு சக்கரங்களிலும் பளிச்சென்று விளக்கு எரிந்தது. ஹெட்போன், ஸ்பீக்கர் இரண்டிலும் பாட்டு வந்தது. நான் ஆடினேன். ஆமாம், நான்தான். கீழ்வீட்டு அக்கா ஓடி வந்து, "என்னப்பா, பீரோ கீழ விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

உன் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அப்டேட்டை எப்போது அழுத்துவது என்பது உன் இஷ்டம். சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்தபின் என்றால் நிம்மதி.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். வெளியே போனால் சாவியை அக்காவிடம் கொடு.

பி.கு.: போன தடவை பாதியிலேயே வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். சனிக்கிழமை கடைசிப் பாட்டு வரை நிற்கிறேன், வரட்டுமா? பதிலை எழுதி வைக்காதே. போன் பண்ணு.