நாலு பெட்டிக்கும் பேட்டரிதான்

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. நேற்றிலிருந்து அது கூடித்தான் இருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன், கச்சேரிக்கு நீயே ஒரு சின்தசைசர், விதவிதமாய்ச் சத்தம் எழுப்பும் மின் வாத்தியம், செய்யக் கிளம்பினாய். பீரோ அளவுக்கு ஒரே பெட்டி என்றாய். "பஸ்ல எப்பிடிடா ஏத்துவ? கண்டக்டர் மடியில வெப்பியா?" என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு நீயே வந்தாய்.

"நாலு சின்னப் பொட்டியா பிரிச்சிடலாங்க்கா. ஒண்ணுல சத்தம் பொறக்கும், ஒண்ணு அத்த மாத்தும், ஒண்ணு தாளம். கடைசிப் பொட்டில பேட்டரி."

நான் புடவை டிசைன் போடும் கிராஃப் தாளில்தான் திட்டம் வரைந்தோம். எந்தக் குமிழ் எந்தப் பெட்டிக்கு என்று சண்டை போட்டு, அழித்து அழித்துத் தாளே கிழிந்தது. ஒன்றில் மட்டும் நீ அசையவில்லை. பிளக்கிலிருந்து வரும் கரண்ட் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையக்கூடாது. "மழைலயும் மேடை போடுவானுங்க. நம்ப முடியாதுக்கா."

இவ்வளவு தெரிந்தவன், திருவிழா மேடையில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஏன் அந்த மைக்கைப் பிடித்தாய்? ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லை என்று மதியமே என்னிடம் சொன்னாயே. கூட்டம் காத்திருக்கிறது என்றா? யாருக்காகப் பொறுத்துப் போனாய்?

போலீஸ் ஸ்டேஷனில் மைக் செட்காரன் கூசாமல் சொன்னான்: "அவன் வூட்ல செஞ்ச பொட்டிதான் சார் ஷாக் அடிச்சிது." இன்ஸ்பெக்டர் அதையே எழுதப் போனார். எனக்கு அழக்கூட நேரமில்லை. நாலு பெட்டியையும் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைத்தேன்.

"உனக்கு இதப்பத்தி இன்னாம்மா தெரியும்?" என்றார்.

"பிளான் போட்டதே நான்தான் சார்."

ஒயர்களைச் செருகி, சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்க விட்டேன். பானைத் தண்ணீரில் கையை நனைத்து, நாலு பெட்டியின் தகட்டிலும் மாறி மாறி வைத்தேன். பிறகு மைக் செட்காரன் பக்கம் திரும்பி, "இப்ப உன் மைக்கக் கொண்டா. நீ ஈரக் கையால புடி, பாக்கலாம்" என்றேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மைக்கில் கசிந்த மின்சாரம் என்று எழுத வைத்தேன். உன் பேர் தப்பியது. ஆனால் நேற்று அதே ஆள் நம் தெருவிலேயே இந்த வருஷத் திருவிழாவுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தான். கடைக்கு ஓடி கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டர் வாங்கிக்கொண்டு மேடை ஏறினேன். பாட வந்த பெண் தொடும் முன்னால் அதை மைக்கில் வைத்தேன். டெஸ்டர் விளக்கு எரிந்தது.

"எறங்கும்மா, நேரமாவுது" என்றான்.

அவன் எர்த் கம்பியைப் புதைத்து முடிக்கும்வரை மைக்கை மறித்துக்கொண்டு நின்றேன்.

இனி இந்த ஊரில் எங்கே மேடை போட்டாலும் இப்படித்தான் ஏறுவேன். சண்டைக்காரி என்று பேர் வந்தால் வரட்டும். நீ ஒருவன் பொறுத்துப் போனது போதும், சேகர்.

கோபம் ஆறாத உன் அக்கா,
கஸ்தூரி