கல்யாண வீட்டுப் போன் கம்பி

உன்னைக் கொன்றது அந்தப் புகையிலை மண்டிக்காரர் வீடு. நீ உன் அஜாக்கிரதையால் செத்ததாக எழுதி, மூடிவிட்டார்கள்.

இன்று சாயங்காலம் அதே வீட்டிலிருந்து நம் டெலிபோன் ஆபீசுக்குப் புகார் வந்தது. போன் பேசவில்லையாம். தெருமுனையிலேயே நிலக்கோட்டை மல்லிகை வாசம் முகத்தில் அடித்தது. வாசலில் வாழைமரம். இளைய மகளுக்குக் கல்யாணம். நிமிர்ந்து பார்த்தேன். கம்பத்திலிருந்து மாடிக்குப் போகும் நம் போன் கம்பியில் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்புகளைச் சுற்றியிருந்தார்கள். மறுபடியும்.

அந்தக் கம்பியை இழுத்தது நாம் இரண்டு பேரும்தான், மாப்ளே. பீங்கான் குமிழ் அடித்து, சுவரில் பியூஸ் பெட்டி பொருத்தி, எர்த் கம்பியை மண்ணில் இறக்கிய பிறகு மண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

"கரண்டு ஒயரு இதுகிட்ட வரவே கூடாதுங்கய்யா. சட்டம் அப்படி. நாங்க இந்தக் கம்பிய வெறுங்கையாலதான் பிடிப்போம்."

"சரிப்பா சரிப்பா, மெட்ராசுக்கு எப்பப் பேசலாம்?" என்றார் அவர்.

மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்த பந்தல்காரன், துணி காயப்போடும் கொடி கிடைத்ததுபோல் அந்தக் கம்பியில் பல்புச் சரத்தைக் கட்டினான். அங்கங்கே ஒட்டுப்போட்ட ஒயர். ஒட்டுகளில் ரப்பர் தோல் இல்லை. பாரம் தாங்காமல் மாடிப்பக்கம் இணைப்பு விட்டுப்போய்ப் போன் செத்தது. நம்மைக் கூப்பிட்டார்கள்.

"இத அவுத்தாத்தான் ஏறுவேன்" என்றாய்.

"மாப்பிள்ளை அழைப்பு கெளம்பிருச்சு அப்பு. இப்ப அவுத்தா எப்பத் திரும்பக் கட்டுறது? சுவிச்ச அணைச்சாச்சு. செத்த நேரத்துல முடிச்சிரு" என்றார் மண்டிக்காரர்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு மாப்ளே. பந்தியில வெஞ்சனம் தீர்றதுக்குள்ள எறங்கிருவேன்." ஏறினாய். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. "மாப்பிள்ளை காரு வந்திருச்சு! வீடு இருட்டாக் கெடக்கே, லைட்டப் போடுங்கப்பா!" மண்டிக்காரரின் குரல்தான். பல்புகள் எரிந்தன. நீ என் காலடியில் விழுந்தாய்.

"பின்வாசல் வழியாத் தூக்குங்கப்பா" என்றார்கள். முன்வாசலில் ஆரத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் என் காதால் கேட்டதைச் சொன்னேன். அதிகாரி பேனாவை மூடினார். "கரண்டு இருக்கான்னு பாத்து ஏற வேண்டியது அவன் பொறுப்புய்யா. பெரிய மனுசன் வீட்ட இழுக்காத." அஜாக்கிரதையால் செத்தவன் குடும்பத்துக்கு இலாகாவில் ஒன்றும் கிடையாதாம். உன் மனைவி இப்போது அந்த மண்டியிலேயே புகையிலை நரம்பு கிழிக்கிறாள். இருமிக்கொண்டே கிழிக்கிறாள். உன்னைக் கொன்றவரை முதலாளி என்று கூப்பிடுகிறாள்.

உனக்குப் பிறகு நான் யார் வாய்வார்த்தையையும் நம்பி ஏணியில் கால் வைப்பதில்லை. மீட்டர் பலகையிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது அதுதான். இன்றும் பிடுங்கினேன். கல்யாண வீடு மொத்தமும் இருண்டது.

"ஏலே, என்னடா பண்ற? மாப்பிள்ளை வார நேரம்டா!" மண்டிக்காரர் ஓடிவந்தார். சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். தெருமுனையில் நாதஸ்வரம்.

பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன். "அவன் அஜாக்கிரதையால சாகல, லைட்டப் போடச் சொன்னது நாந்தான்னு இம்புட்டுப் பேரு முன்னால சொல்லுங்க. கட்டையத் தாரேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். இருட்டு வாசலில் கார் வந்து நின்றது.

"சொல்லுங்கய்யா" என்றேன்.