கொன்றதைத் தொடுவது

மாமா,

இன்று சாயங்காலம் மலையிலிருந்து இறங்கிய ஒரு ஜீப் மலையடிவார முந்தலில் நம் வீட்டைத் தாண்டிப் போனது. பின்னாலேயே பிரேக் தீய்ந்த வாடை வந்தது. கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. என் கால்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

உங்கள் சட்டையில் எப்போதும் அந்த வாடை இருக்கும், அதோடு ஏலக்காய் மணமும். தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் மேலே ஏற்றிப் போய், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவதுதானே உங்கள் சோலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைப் போடி மாதா கோயிலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு என்று சொல்லித்தான் என்னைக் கட்டினீர்கள். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை, ஒரு நாளும் என்னைப் போகாதே என்றதுமில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வண்டியில் ஏறியதும் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"ஏ புள்ள, ஒரு மனுசனைக் கொன்ன மரத்தைப் போயி கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிறீங்களே. நாளைக்கு இந்த ஜீப்பு கவுந்து நாஞ் செத்தா, ஜீப்பையும் மாட்டிக்கிருவியா?"

"வாயைக் கழுவுங்க மாமா."

"கேலி இல்லடி, வெவரந்தான் கேக்குறேன்."

"அவரு நமக்காகச் செத்தாரு. அதான்."

"எனக்காகச் சாகச் சொல்லி நான் கேக்கலையே!"

அஞ்சாவதோடு நின்றவள் நான். ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பித்தேன். அதற்கு மேல் தெரியவில்லை. "பசிக்குது, வண்டிய எடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்தீர்கள்.

நீங்கள் போன அன்றைக்கு மலையில் நடந்ததை எனக்குச் சொன்னவள் பேச்சியம்மாள். ராசிங்காபுரத்துக்காரி. உங்கள் வண்டியில்தான் இருந்தாள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை. "ஆத்தா, எல்லாரும் இறுக்கிப் புடிச்சுக்கங்க" என்று கத்திவிட்டு ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தீர்களாம். நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பாறைக்குக் கொடுத்தீர்களாம். பெண்களுக்குக் கை ஒடிந்தது, மண்டை உடைந்தது. ஒருத்தியும் சாகவில்லை.

"அண்ணே நினைச்சிருந்தா குதிச்சிருக்கலாம் மதினி" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் பக்கத்தில் நின்று யாரோ சொல்வதுபோல் இருக்கும், குதிச்சிருக்கலாம் என்று. ஒடிக்கும்போது என் முகம் உங்களுக்கு வந்ததா மாமா? வந்த பிறகும் ஒடித்தீர்களா?

சிலுவையைக் கழற்றித் தகரப்பெட்டிக்குள் போட்டேன். கோயிலுக்குப் போனேன், ஆனால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நமக்காக மரித்தார் என்று சாமியார் சொல்லும்போதெல்லாம், சரி, அவர் வீட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் என் புத்தி போனது. போன பெரிய வெள்ளிக்குச் சிலுவைக்கு முத்தம் கொடுத்து முத்தி செய்யும் வரிசையில் நின்றவள், பாதியில் விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கேஸ் முடிந்ததும் ஜீப்பைப் போடியில் ஒர்க்‌ஷாப் ஓரத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்தத் தெருப்பக்கமே நான் போனதில்லை. இந்த வருஷம் தவக்காலத்தில் ஒர்க்‌ஷாப் அண்ணன் சொல்லிவிட்டார், பழைய இரும்புக்குக் கேட்கிறார்கள் என்று. உடைத்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லத்தான் போனேன். போனால், நசுங்கிய முன்பக்கத்தில் குங்குமம். ஸ்டீயரிங்கில் ஒரு முழம் கதம்பம். எதிரில் பேச்சியம்மாள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி செய்யிற? எம் புருசனைக் கொன்ன வண்டிடி அது!"

"ஒனக்குக் கொன்ன வண்டி மதினி. எம் புள்ளைக்கு ஆத்தா மிஞ்சுனது இதுலதான். நான் வேற எங்க போயி நின்னு கும்பிட?"

"ஒங்க கோயில் இல்லையா?"

"அங்கயும் போயிட்டுத்தான் வாறேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்று நீங்கள் கேட்டதற்கு அவளிடம் பதில் இருக்கிறது மாமா. அது பிழைத்தவளுடைய பதில். என் பதில் எங்கே என்று தெரியாமல், இரும்புக்காரருக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அந்த வாரமே பெரிய வெள்ளி வந்தது. இயேசுவின் பாடுகளை வாசித்தார்கள். சிலுவையில் தொங்குகிறவர் தம் தகப்பனைப் பார்த்து ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்கிற இடம் வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். அன்றுதான் காதில் விழுந்தது. எல்லாரையும் மீட்க வந்தவரே ஏன் என்று கேட்டிருக்கிறார். கீழே அவரைப் பெற்றவள் நிற்கிறாள். உன் பிள்ளையைக் கொடுக்கிறாயா என்று அந்த மலையில் அவளை யாரும் கேட்டதாக வாசிக்கவில்லை.

வரிசையில் போனேன். என் முறை வந்தது. குனிந்தேன். செபம் வரவில்லை. "ஏம் மாமா என்னைய விட்டுட்டுப் போனீங்க" என்றுதான் வந்தது. அதைக் கேட்ட வாயோடுதான் அவர் பாதத்தை முத்தி செய்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

"வெரசா நகருத்தா, வரிசை நிக்குதுல்ல" என்றார் பின்னால் நின்ற அம்மா.

கோயிலிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தேன். உங்கள் பக்கத்துக் கதவு உள்ளே மடங்கிக் கிடந்தது. வெயிலில் தகரம் கொதித்தது. உள்ளங்கையை அதில் வைத்தேன். சுட்டது. பேச்சியம்மாள் தொட்டுக் குங்குமம் வைத்த இடத்துக்கும் நான் கை வைத்த இடத்துக்கும் நடுவில்தான் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இப்போதைக்கு உடைக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சிலுவை மறுபடி என் கழுத்தில் கிடக்கிறது. நமக்காக மரித்தார் என்று எல்லாரும் சொல்லும்போது நானும் சொல்கிறேன், மனசார. சொல்லி முடித்து அவர்கள் ஆமென் என்கிறபோது மட்டும் என் வாய் வேறொன்றைச் சொல்கிறது.

ஒடிக்கும்போது என் முகம் வந்ததா மாமா?