சந்தனம் ஒட்டிய ஒரு ரூபாய்

என் தங்கமான அக்காவுக்கு,

உன் நெற்றியிலிருந்து காசை எடுத்தது நான்தான். சொந்தமெல்லாம் இன்னும் அதைத்தான் பேசுகிறது. பேசட்டும்.

நீ போன அன்று நெற்றிக்காசு வைக்க ஒரு ரூபாய் தேடினார்கள். வந்தவர்கள் எல்லார் பையிலும் போன்தான் இருந்தது, சில்லறை இல்லை. பெரியப்பா நீ பழங்காசு சேர்த்து வைத்த பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த உறையைக் கிழித்து, சந்தனம் குழைத்து ஒட்டிவிட்டார். குனிந்து பார்த்தேன், பள்ளமான சிங்கம் தெரிந்தது. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை விற்ற சில்லறையில் நீ கண்டுபிடித்த காசு. முன்பக்கம் புடைப்பாகச் சிங்கம். எண் இருக்க வேண்டிய பின்பக்கத்திலும் அதே சிங்கம், பள்ளமாக, இடம் வலம் மாறி. அச்சில் முந்தின காசு சிக்கிக்கொண்டதால் வந்த பிழை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்!

கையை நீட்டி எடுத்தேன்.

"ஏய் செல்வி, பொணத்துல கை வைக்காதடி!" என்று கத்தினார் பெரியப்பா.

"இது அக்கா உசுரா வச்சிருந்த காசு. செத்த நேரம் பொறுங்க, வேற கொண்டு வாரேன்."

டீக்கடையில் ஒரு சாதா ரூபாய் வாங்கி வந்து உனக்கு வைத்தேன். கோபமா அக்கா?

போன மாதம் அதை மதுரை நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். தரம் பார்க்கிறவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பிழை நெசந்தாம்மா, யாரும் தட்டிச் செஞ்சதில்ல. ஆனா எழுத்து இடுக்குல சந்தனம் காஞ்சிருக்கு. இப்படியே இருந்தா மொதத் தரம் போட முடியாது. பக்குவமா எடுத்துறவா?"

"வேணாம் சார். இருக்கிறபடி எழுதுங்க."

இரண்டாம் தரம் என்று எழுதிக் கொடுத்தார். விரல் ரேகை பட்டாலே சாமியாடுவாய் நீ. இதற்கு என்னை என்ன திட்டு திட்டியிருப்பாய்? திட்டேன், கேட்க ஆசையாக இருக்கிறது.

பெரியப்பா மட்டும் இன்னும் விடவில்லை. "பொணத்துக் காசு வீட்டுக்கு ஆகாது, ஆத்துல போடு" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அவர் கண்முன்னாலேயே புது உறையில் போட்டு உன் பெட்டியில் வைத்தேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இருக்கும்வரை அந்தக் காசை விற்கவும் மாட்டேன், கழுவவும் மாட்டேன். இது சத்தியம். எனக்கென்று ஒரு சாதா ரூபாயையும் தனி உறையில் போட்டு, உறைமேல் இப்படி எழுதி, பெட்டிக்கு மேலேயே ஒட்டிவிட்டேன்: "செல்வி நெற்றிக்கு. பெட்டியைத் திறக்காதே."

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத தங்கச்சி,
செல்வி