நீக்கியது நான்தான், சரோஜாக்கா

என் ஆசை சரோஜாக்காவுக்கு,

இந்தத் தேர்தலுக்கு பூத் சிலிப் முழுவதையும் நான் ஒருத்தியே கொடுத்து முடித்தேன். கால் இரண்டும் வீங்கிவிட்டன. பூந்தமல்லியில் நம் வார்டு மொத்தமும் உனக்கு அத்துப்படி, நான்தான் கதவு எண்ணைத் தேடித் தேடி நின்றேன். வழியில் ஒரு டீ குடித்தேன். "சர்க்கரை நோய்க்காரி நான், எனக்கு வேண்டாம்" என்று நீ சொல்லிவிட்டு என் டம்ளரிலிருந்தே இரண்டு வாய் குடிப்பாயே, அந்த நினைவு வந்தது. ட்ரங்க் ரோட்டில் தூண்களுக்கு மேலே மெட்ரோ வந்துவிட்டது. உன்னை அதில் ஜன்னலோரம் உட்கார வைக்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

வாக்காளர் பட்டியலில் நம் தெருப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். உன் பெயர் இல்லை. நீக்கிவிட்டார்கள். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அங்கேயே ஒரு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். உன்னை முதலில் நீக்கியவள் நான்தானே.

கொரோனா இரண்டாம் அலை அடித்த நாட்கள். நம் கட்சி மகளிர் அணி வாட்ஸ்அப் க்ரூப்பில் விடிந்தால் கபசுரக் குடிநீர் கொடுக்கும் போட்டோ, தலைவர் படம் போட்ட அரிசிப் பை. நடுவில், அன்று செத்தவர்களின் பெயரைச் சொல்லி உன் குரல் வரும். உனக்கு டைப் அடிக்க வராது. "மூணாவது தெரு ஜெயந்தி பூட்டாடி. கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்ணுவாளே, அவதான். ரெண்டு பொண்ணுங்க கீதுங்க." மறுநாள் இஸ்திரிக்கார கண்ணன், சட்டைப் பையில் மறந்த பஸ் பாஸை வீடு தேடி வந்து கொடுத்தவர். அதற்கு மறுநாள் மல்லிகாவின் அம்மா. சிலிப் கொடுக்கப் போன வீட்டிலெல்லாம் நீ ஓட்டை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை.

வார்டு செயலாளர் எனக்கு போன் செய்தார். எதிர்க்கட்சிக்காரன் இதை எடுத்துப் போடுவான், செத்தவர்களுக்கு ஏற்கெனவே இணைநோய் இருந்தது என்று முடித்துவிடுங்கள் என்றார். க்ரூப்பில் ஒருத்தி உன்னை நீக்கச் சொன்னாள். வரிசையாகக் கட்டைவிரல் வந்தது. முந்தின நாள் அம்மாவுக்காக அழுத மல்லிகாவும் கட்டைவிரல் போட்டாள். நான் அட்மின். கட்சி நன்றாக இருந்தால்தானே நாலு பேருக்கு நல்லது செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உன்னை நீக்கினேன்.

சாயங்காலம் நீயே போன் செய்தாய். "இன்னாடி கலா, பேரு சொன்னது தப்பா? இத்தினி பேர் பூட்டாங்கன்னா யாருக்கும் வலிக்காதுடி. ஜெயந்தின்னு சொன்னாதான் அவ மூஞ்சி வரும்." இப்போது நேரம் சரியில்லை அக்கா, அப்புறம் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்போது என்று நீயும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பெயர்களை எனக்கு மட்டும் அனுப்பினாய். நாலைந்து நாள் கேட்டேன். அப்புறம் பயம். உன் குரல் வந்தாலே யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அன்று காலையில் வந்ததையும் அப்படித்தான் திறக்காமல் வைத்தேன். மதியம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உன் மகள் சுமதி போன் செய்து நீ போய்விட்டாய் என்றாள். அதன் பிறகுதான் திறந்தேன்.

"கலா, மூச்சு வாங்குதுடி. வண்டி ஒண்ணு வேணும். க்ரூப்புல போடாத, என்னாண்ட பேசிகினு கீறேன்னு உன்னியும் திட்டுவாங்க. தனியா யாரையாவது கேட்டுப் பாரு."

அன்று க்ரூப்பில் கேட்ட எல்லோர் வீட்டுக்கும் வண்டி போனது, அக்கா. நான்தான் அனுப்பி வைத்தேன். உனக்கும் போயிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டருக்கே தெரியவில்லை. சுமதி என்னை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் மகளிர் அணிக் கூட்டம். எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். கொரோனாவில் நம் வார்டைப் பெரிய இழப்பு இல்லாமல் காத்தோம் என்று ஒரு வரி, அதை நான் படிக்க வேண்டுமாம். போன் இரண்டு மாற்றிவிட்டேன், உன் குரல்களை மட்டும் அழியவிடவில்லை. அந்த வரி வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு போனை மைக்கில் பிடிக்கப்போகிறேன். சுமதியிடம் சொன்னேன். "சத்தமா வை. எங்கம்மாவுக்கு மெதுவா பேச வராது" என்றாள்.

பதவி போகும், போகட்டும். க்ரூப்பிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். நீ சொல்லிவிட்டுப் போன பெயர்களை உன் குரலே சொல்லட்டும். கடைசிப் பெயரை மட்டும் நான் சொல்கிறேன். முதல் தெரு சரோஜா, மூச்சு வாங்கும்போதும் என்னைத் திட்டிவிடுவார்களே என்று பார்த்தவள். அவளை நீக்கியது யார் என்பதையும் அந்த மைக்கிலேயே சொல்வேன். இது சத்தியம், அக்கா.

உன் பேச்சுக்குத் தாமதமாகக் காது கொடுத்த தங்கச்சி,
கலா