சுவரில் ஒட்டிய கடிதம்

பிடோக்
12 மே 2025

அபிகேலின் தாத்தாவுக்கு,

தம்பதியர் கூட்டத்தில் ஃபாதர் சொன்னபடி, வாய்ச்சண்டை வேண்டாமென்று எழுதுகிறேன். நேற்று பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் சுவரைப் பிடித்துத் தள்ளாடி, வாந்தியெடுத்து, கேக் மேசையோடு விழுந்தீர்கள். மூன்று வருடம் குடிக்காமல் இருந்த மனுஷர்! மாதா முன் செய்த சத்தியம் எங்கே போயிற்று? பங்குக் கோயில் சனமே வேடிக்கை பார்த்தது. இனி நான் மகள் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். போன் பண்ண வேண்டாம்.

அல்போன்சம்மாள்


தேக்கா
16 மே 2025

என் கோபக்கார அல்போன்சாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டார்கள்! குடியில்லை, காது! உட்காதில் அழற்சியாம். விருந்துக்கு முன் எனக்குச் சளி பிடித்திருந்ததே, அந்தக் கிருமி பார்த்த வேலை. டாக்சியில் என்னை எல்லாருமாக அனுப்பினீர்களே, அன்றிலிருந்து இரண்டு நாள் கட்டிலோடு அறையே சுற்றியது. இடது காதில் ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டு அப்துல் காதர்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சின்னப் பெண். என் தலையைச் சட்டென்று திருப்பிக் கண் எப்படி அசைகிறதென்று பார்த்தாள், காதையும் சோதித்தாள். "அங்கிள், ஸ்ட்ரோக் எல்லாம் இல்ல லா. நல்லாயிடும்" என்றாள். "நான் குடிக்கலைன்னு என் ஒய்ஃபுக்கு எழுதித் தரீங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்!

தலைச்சுற்றுக்கு மாத்திரை சில நாளைக்குத்தான். பிறகு பயிற்சி. சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, அதிலுள்ள எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும். உன் கடிதத்தைத்தான் ஒட்டியிருக்கிறேன். தினம் மூன்று வேளை 'சத்தியம்' என்ற சொல்லையே பார்க்கிறேன். இன்று எதையும் பிடிக்காமல் பத்து அடி நடந்தேன், தெரியுமா!

சொட்டுக்கூடத் தொடாத உன்
ஆம்ப்ரோஸ்


பிடோக்
17 மே 2025

என் ஆம்ப்ரோஸுக்கு,

படித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் நம் மகள் டானியலா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், சிரித்தேன். அத்தனை சந்தோஷம்! ஆனால் வெட்கமாகவும் இருக்கிறது. நீங்கள் விழுந்தபோது தூக்க வராமல், யாரோ எவரோ போலத் தள்ளி நின்றேன். பக்கத்தில் வந்து முகர்ந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். என்னை மன்னித்துவிடுங்கள்.

நாளை பூசை முடிந்ததும் பெட்டியோடு வருகிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். இதையும் ஒட்ட வேண்டாம். எதிரில் நானே நிற்கிறேன், என்னைப் பார்த்துத் தலையைத் திருப்புங்கள். சாய்ந்தால் இந்தத் தடவை நான் பிடித்துக்கொள்வேன்.

உங்கள்
அல்போன்சா